கிரெய்ன் எலிவேட்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,

கனடாவின் சஸ்காட்செவன் சிற்றூர்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விவசாயிகள் கொண்டுவரும் கோதுமையை உச்சிக்கு ஏற்றி வைத்திருந்து ரயில்பெட்டியில் கொட்டும் உயரமான கட்டடம்தான் 'கிரெய்ன் எலிவேட்டர்'. அதற்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். 'தானிய மின்தூக்கி' சரிப்படாது, அது லிஃப்டுக்கு வைத்த சொல். 'தானியக் களஞ்சியம்' போதும் என்று போன மடலில் ஐயா எழுதியிருந்தீர்கள். எனக்கு அதிலும் மனம் ஒப்பவில்லை.

களஞ்சியம் என்றால் தானியம் போய்த் தங்குமிடம். இங்கே கோதுமை ரயிலுக்குக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊர்களே ரயிலால் பிறந்தவை. கிராண்ட் டிரங்க் பசிபிக் கம்பெனி பாதை போட்டபோது ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இடுனா, ஜாஸ்மின், கெலிஹர், லெஸ்டாக் என்று ஆங்கில அகரவரிசைப்படியே நிலையங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு போனது. முதலில் பெயர், அப்புறம்தான் ஊர். குதிரை வண்டியில் கோதுமை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அன்றே வீடு திரும்ப வேண்டுமே, அதனால் எட்டு, பத்து மைலுக்கு ஒரு நிலையம். தண்டவாளத்தை ஒட்டி இந்த உயரமான மரக்கட்டடம், அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர். 1933-இல் மேற்குக் கனடாவில் இப்படி 5,700-க்கும் மேல் இருந்தன.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். வண்டி சரிவில் ஏறி உள்ளே வந்து எடைமேடையில் நிற்கும். எடை போட்டதும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சாய்ப்பார்கள். கோதுமை தரையிலுள்ள கம்பித்தட்டின் வழியாகக் குழிக்குள் சரியும். சுற்றிக்கொண்டே இருக்கும் பட்டையில் வரிசையாகக் கோத்த கிண்ணங்கள் அதை அள்ளி உச்சிக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து தேவைப்பட்ட அறைக்குள் கொட்டும். ரயில் வந்ததும் குழாய் வழியே பெட்டிக்குள் இறங்கும். மூட்டை கட்டுகிற வேலையே கிடையாது.

நம் குதிரும் இப்படித்தானே? மேலே கொட்டுகிறோம், அடியில் அடைத்த துணியை உருவினால் நெல் தானாகச் சரிகிறது. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பழமொழி இருக்கும்வரை இந்தச் சொல் யாருக்கும் புரியும். 'ஏற்றக்குதிர்' என்று வைக்கலாமா?

---

தம்பி,

குதிர் அருமை, களஞ்சியத்தை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் 'ஏற்றம்' என்றதும் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் ஏற்றம்தான் எனக்குக் கண்ணில் நிற்கிறது. 'ஏற்றுகுதிர்' என்று வையுங்கள். ஊறுகாய் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. தவிர, தமிழில் 'ஏற்று' என்றால் உயரே தூக்குவதும் ஆகும், வண்டியில் சரக்கு ஏற்றுவதும் ஆகும். இந்தக் கட்டடம் இரண்டையும் செய்கிறது.

1902-இல், இன்றைய சஸ்காட்செவனில் இருக்கும் சிண்டலூட்டா என்ற ஊரின் விவசாயிகள் போட்ட வழக்கும் இந்த ஏற்றுவதைப் பற்றியதுதான். எலிவேட்டர்காரர்கள் கேட்டாலும், தாங்களே நேரே கோதுமை ஏற்ற விவசாயிகள் கேட்டாலும், ரயில்பெட்டிகளைக் கேட்ட வரிசைப்படி தர வேண்டும் என்பது சட்டம். அங்கிருந்த கனடியன் பசிபிக் ரயில்வே ஏஜென்ட் எலிவேட்டர்காரர்களுக்கு முதலில் கொடுத்தார். விவசாயிகள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். உங்கள் கட்டுரையில் இதை அவசியம் சேருங்கள்.

---

ஐயா, 'ஏற்றுகுதிர்' என்றே எழுதிவிட்டேன், வழக்கையும் சேர்த்துவிட்டேன். பக்கத்து மாகாணமான மேனிட்டோபாவின் இங்லிஸ் என்ற ஊரில் ஐந்து பழைய மரக்கட்டடங்களை வரிசையாக அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தின் கீழே 'ஏற்றுகுதிர் வரிசை, இங்லிஸ்' என்று போட்டிருக்கிறேன்.