பல பாகமாக வந்த ஒரு மாயாஜாலக் கதையின் கடைசிப் பாகத்தை மூடிய அன்று உங்களுக்கு என்ன தோன்றியது?

முடிவைத் திட்ட எல்லோரும் வரிசையில் நிற்கிறீர்கள், நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தேன்.

ஹரி பொட்டர் ஏழாம் புத்தகம் 2007 ஜூலை 21 வெளியானது. எனக்கு 17 வயது, ஏ.எல். படிக்கிறேன், வீடு திருகோணமலை டவுனில். கொழும்பிலிருந்த மாமா இரண்டு கிழமை கழித்து இரவு பஸ்ஸில் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். சோதனைச் சாவடிகளில் அந்தப் பார்சலை எத்தனை தரம் பிரித்தார்களோ தெரியாது, வந்து சேர்ந்தபோது சுற்றியிருந்த தாள் கந்தல், புத்தகத்தின் முதுகு ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. 2006 ஜனவரியில் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பின்னேரத்தில் டச்பே பக்கம் போவதையே வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆறு மணிக்குக் கேற்றைப் பூட்டினால் புத்தகம்தான் கதி.

மூன்று இரவில் முடித்தேன். ஹரியின் ஆந்தை ஹெட்விக் செத்ததற்கு அழவில்லை, வேலைக்காரக் குட்டிப்பூதம் டொபிக்கு அழுதேன். ஃபிரெட் செத்த இடத்தில், கூடப் பிறந்த இரட்டை ஜோர்ஜ் இனி யாரோடு சேர்ந்து பகிடி விடுவான் என்றுதான் முதலில் யோசித்தேன். அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் அந்தப் ‘19 வருடங்களுக்குப் பிறகு’! செப்டம்பர் 1, கிங்ஸ் குரொஸ் ஸ்ரேஷன், ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள், எல்லோரும் சுகம். செத்தவர்களின் வீட்டுக்காரர் அந்த 19 வருடமும் என்ன செய்தார்கள்? செத்துப்போன லூப்பினின் மகன் வருகிறான், அவனும் ஒரு பகிடிக்குத்தான். ஹரியின் பிள்ளைக்கு, செத்த இரண்டு தலைமை ஆசிரியர்களின் பெயரைச் சேர்த்து அல்பஸ் செவரஸ் என்று பெயர் வேறு. எங்கள் வகுப்பில் அந்த வருடம் கதிரைகள் காலியாகிக்கொண்டே இருந்தன, ஒருத்தி கனடா, ஒருத்தி மன்னாரால் படகில் இந்தியா, இன்னொருத்தி எங்கே என்றே தெரியாது, இதற்கு நடுவில் இருந்துகொண்டு அதை வாசித்தால் கோபம் வராமல் என்ன வரும்.

பிளேட்டை எடுத்து அந்தக் கடைசித் தாள்களை வெட்டிவிட்டேன். தையலை ஒட்டி, அடிமட்டம் வைத்து, நேராக. பிறகு பழைய கலண்டர் தாளில் உறை போட்டு (முருகன் படம் உள்பக்கமாக) ரியூசன் பிள்ளைகளுக்கு இரவல் கொடுத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. புத்தகம் திரும்பி வரவேயில்லை.

* * *

நான் உப்புவெளி. அக்கா செய்த வேலைக்குக் கிட்டவும் வராது, ஆனாலும் சொல்கிறேன்.

வீல் ஒஃப் டைம், 14 பாகம். வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போகிற புத்தகங்களை ஒரு கெஸ்ட்ஹவுஸ் அலுமாரியில் போட்டு வைத்திருப்பார்கள், அதில் மூன்றாம் பாகம் கிடைத்தது, அங்கிருந்துதான் தொடங்கினேன். முதல் பாகம் கைக்கு வர இரண்டு வருடம். எழுதிய ரொபர்ட் ஜோர்டான் 2007 செப்டம்பரில் இறந்தபோது 11 பாகம்தான் வந்திருந்தது. மிச்சத்தை அவருடைய குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் மூன்று பாகமாக எழுதினார், கடைசிப் பாகம் 2013 ஜனவரி. கை மாறினது தெரியத்தான் செய்யும். கதையில் மட் என்று ஒருவன் இருக்கிறானே, அவன் 12ஆம் பாகத்தில் யாரோ எழுதிக் கொடுத்த பகிடியை ஒப்பிப்பது போல இருப்பான். ஆனால் கடைசிக் காட்சியை ஜோர்டானே சாகுமுன் எழுதி வைத்திருக்கிறார். கதாநாயகன் ராண்ட் தன் புகைக்கிற பைப் பற்றவேண்டும் என்று நினைக்கிறான், பற்றிக்கொள்கிறது. எப்படி என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் சொல்லவில்லை. எனக்கு அது போதும். என் தம்பிக்குப் போதவில்லை, இன்றைக்கும் சோற்றுக்கு நடுவில் சண்டை.

* * *

நான் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதும் ஐஸ் அண்ட் ஃபயர் தொடரின் வாசகன். ஐந்தாம் பாகம் 2011, ஆறாவதைக் காணோம். டிவிக்காரர் அதை ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ என்று எடுத்து 2019இல் தாங்களாக முடித்ததை நான் கணக்கில் எடுப்பதில்லை. திட்டுவதற்கு உங்களுக்காவது ஒரு முடிவு இருக்கிறது.

* * *

மாயாஜாலம் இல்லைதான், ஆனால் எங்கள் அம்மம்மாவைக் கேட்டால் பொன்னியின் செல்வனைத்தான் சொல்லுவா. தொடர் 1954இல் முடிந்தபோது, இன்னும் சொல்லவேண்டியது மிச்சம் இருக்கிறதே என்று வாசகர்கள் எழுத, கல்கியே ஒரு முடிவுரை போட்டு யார் யார் என்ன ஆனார்கள் என்று பதில் சொன்னார். அம்மம்மாவுக்கு அதுவும் காணாது. “மணிமேகலையை ஏன் சாகவிட்டவர்?” என்பா, ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி.

* * *

அக்கா, நான் கிண்ணியா. கலண்டர் உறையில் மயிலின் பாதி தையலுக்குள் போயிருக்கும், சரியா?

எனக்கு அது மூன்றாம் கையோ நாலாம் கையோ, 2008இல் வந்தது. பாலம் 2009 அக்டோபரில்தான் திறந்தார்கள், அதுவரை எங்களுக்குப் பாதைதான், அந்த மிதவைக்காகத் துறையில் காத்துக் கிடந்த ஒரு பின்னேரம்தான் முடித்தேன். ஹரி களைத்துப்போய்க் கட்டிலை நினைக்கிறான், வேலைக்காரக் குட்டிப்பூதம் கிரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து தருவானா என்று யோசிக்கிறான், அவ்வளவுதான். ஏழு புத்தகம் அடிபட்ட பிள்ளைக்குப் பசிக்கிறது! இதைவிட நல்ல முடிவு எவரும் எழுத மாட்டார்கள் என்று கண்டவனிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். 2011இல் படம் வந்தது, கடைசியில் ஸ்ரேஷன். இது சினிமாக்காரர் காசுக்குச் சேர்த்தது என்று கூட்டாளியோடு பந்தயம் கட்டி ஒரு கொத்துரொட்டிக் காசு தோற்றேன். அது உங்களால்.

* * *

பாதி மயில்தான். ஐயோ தம்பி.

தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, பழைய இரசாயனவியல் கொப்பிக்குள். 2007இலிருந்து எண்ணினால் இந்த வருடத்தோடு சரியாக 19 என்று போன கிழமைதான் எடுத்து வாசித்தேன். எனக்கு இப்போது ஆறு வயதில் மகள், காலையில் பள்ளிக்கூட வாசலில் கையை விடமாட்டாள். அந்தச் சின்னவன் ரயில் ஏறுமுன், பள்ளிக்கூடத்தில் தன்னைப் பாம்புச் சின்னத்து இல்லத்தில் போட்டுவிடுவார்களோ என்று தகப்பனிடம் மெல்லக் கேட்கிறானே, அந்த இடத்தை 17 வயதில் நான் கவனிக்கவேயில்லை. பெயர் மட்டும் இன்றைக்கும் சகிக்கவில்லை.

கொத்துரொட்டிக் காசு தருகிறேன். புத்தகம் இப்போது யாரிடம்?

* * *

எங்கள் லாத்தாவின் மகனிடம். அவன் இன்னும் நாலாம் புத்தகத்தில்தான் நிற்கிறான். தாள்களை இப்போதைக்குக் கொப்பிக்குள்ளேயே வைத்திருங்கள் அக்கா.