மகிழமா, சப்போட்டாவா? கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம். மணலியில் வீட்டுக்கு முன்னால் 2022-ல் ஒரு கன்று நட்டோம். மகிழம் என்று சொல்லித்தான் நர்சரியில் கொடுத்தார்கள். இப்போது ஏழடி உயரம், இன்னும் பூக்கவில்லை. பார்க்கிறவர்களில் பாதிப்பேர் இது சப்போட்டா என்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

இலையைக் கிள்ளிப் பார்த்தேன், பால் வருகிறது. ஆனால் இரண்டுக்குமே பால் உண்டு. செல்போன் செயலி ஒருநாள் மகிழம் என்றது, இன்னொரு நாள் சப்போட்டா என்றது. அப்புறம் ஓர் இலையோடு திருவொற்றியூர் கோயிலுக்குப் போனேன். அங்கே தல விருட்சமே மகிழம்தான், சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்த மரம். அந்த மரத்து இலையின் ஓரம் நன்றாக அலையலையாக இருக்கிறது. எங்கள் செடியில் கீழ் இலைகள் அப்படித்தான், நுனி இலைகளோ ஓரம் நேராக, சப்போட்டாவைப் போல் கொத்தாக நிற்கின்றன. கொழுந்தில் லேசான பழுப்பு நிறம். சப்போட்டாவைப் பெரும்பாலும் பாலா என்ற இன்னொரு மரத்தின் கன்றில்தான் ஒட்டுக்கட்டுவார்கள், இதன் தண்டில் ஒட்டுத் தழும்பே இல்லை. ஆனால் விதைக்கன்றாகவும் இருக்கலாமே.

அம்மாவுக்கு வாசலில் மகிழம்பூ உதிர வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சப்போட்டா என்றால் மழைக்கு முன்பே வேரோடு எடுத்துக் கொல்லையில் வைத்துவிடுவோம்.

பூக்கும்வரை காத்திராமல், இலையையோ கிளையையோ வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய என்ன அடையாளம்?