தானோஸ் திரும்பி வரும் காமிக்ஸ்: எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

நீலக்கல்:
2018, 2019-ல் வந்த அவெஞ்சர்ஸ் படங்கள் (‘இன்ஃபினிட்டி வார்’, ‘எண்ட்கேம்’) இரண்டும் பார்த்தாயிற்று. இப்போது கையில் இருப்பது 1991-ல் வந்த ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’, ஆறு இதழ்களின் தொகுப்பு. முதல் இதழிலேயே சர்வ சக்தி தரும் ஆறு கற்களும் வில்லன் தானோஸ் கையுறையில் ஏறிவிட்டன. எப்படிக் கிடைத்தன? ஆடம் வார்லாக் யார்? முன்னால் எதைப் படிக்கணும்? எல்லாவற்றையும் தேடிப் பிடிக்க முடியாது, அவசியமானதை மட்டும் சொல்லுங்க.

பழுப்புத்தாள்:
நண்பரே, உங்களிடம் இருப்பது கதையின் பின்பாதி. அவசியமானது மொத்தம் 20 இதழ்கள்: ‘சில்வர் சர்ஃபர்’ 34–38, ‘தானோஸ் க்வெஸ்ட்’ 1–2, மறுபடி சர்ஃபர் 44–50, அப்புறம் உங்கள் ஆறு. சர்ஃபர் (விண்வெளியில் பலகை மேல் பறக்கும் நாயகன்) என்றால் 1987-ல் தொடங்கிய தொடர். 1968-ல் வந்த பழைய தொடர் 18 இதழ்களோடு நின்றுவிட்டது, ஆகவே 34 என்ற எண் அதில் கிடையாது.

செத்துக் கிடந்த தானோஸை மரணதேவி எழுப்பி விடுவது 34-ல். கற்களை ஒவ்வொன்றாகப் பறிப்பது முழுக்க ‘க்வெஸ்ட்’டில், 1990. இதைத் தவறவிடவே கூடாது. கல் வைத்திருப்பவர்களில் ஒருவனான சாம்பியனிடம் சண்டை போட்டு ஜெயிப்பதில்லை. அவனே ஆத்திரத்தில் கிரகத்தைக் குத்தி நொறுக்கிவிட்டு, நிற்க இடமில்லாமல், ஊர் போய்ச் சேர வழி கேட்டுக் கல்லைக் கொடுக்கிறான். இன்னொரு கல்காரன் ரன்னரைக் கைக்குழந்தையாக்கி, அந்தக் குழந்தையைக் கலெக்டர் என்பவனிடம் பண்டமாற்று செய்து இன்னொரு கல். படத்தில் வரும் தானோஸ் முரடன், இவன் வியாபாரி.

சர்ஃபர் 34–38, ‘க்வெஸ்ட்’ இரண்டும் ‘ரீபர்த் ஆஃப் தானோஸ்’ தொகுப்பில் சேர்ந்தே வரும். 44–50 அதில் இல்லை, தனியாகத் தேடணும். கிடைக்காவிட்டால் 44–46 மட்டுமாவது பாருங்க: கையுறை முதலில் தலைகாட்டுவதும், தானோஸை எதிர்க்கும் நாயகன் வார்லாக் ஆன்மக் கல்லுக்குள் இருப்பது தெரியவருவதும் அங்கேதான்.

சனிக்கிரகவாசி:
பட்டியல் சரி, ஆனால் 1977-ஐ விட்டுவிட்டீங்களே. ‘திரும்பி வருகிறான்’ என்றால் முதலில் அவன் எப்படிச் செத்தான் என்று தெரிய வேண்டாமா? ‘அவெஞ்சர்ஸ்’ ஆண்டு மலர் 7, ‘மார்வெல் டூ-இன்-ஒன்’ ஆண்டு மலர் 2. இரண்டே புத்தகம். முதலாவதில் அவெஞ்சர்ஸ், கேப்டன் மார்வெல், வார்லாக் எல்லோரும் சேர்ந்து மோதுகிறார்கள், வார்லாக் சாகிறான். இரண்டாவதில் சிறைப்பட்ட அவெஞ்சர்ஸை மீட்க ஸ்பைடர்மேனும், ‘திங்’ என்ற பாறை உடம்பு நாயகனும் போகிறார்கள். ஆன்மக் கல்லிலிருந்து வெளிவரும் வார்லாக்கின் ஆவி தொட்டதும் தானோஸ் சிலையாகிவிடுகிறான். வார்லாக் கல்லுக்குள் ஏன் இருந்தான் என்ற கேள்விக்கும் இதுதான் விடை.

1973-ல் ‘அயர்ன் மேன்’ 55-ல் அவன் அறிமுகமான கதை வரைக்கும் போகத் தேவையில்லை. ரசிகர்கள் சிலர் அதைக் கட்டாயம் என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆறாவது விரல்:
படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வழுக்கும் இடங்கள் சில உண்டு.

முதலில் நிறம். அந்தக் காலக் காமிக்ஸில் ஆன்மா பச்சை, மனம் நீலம், காலம் ஆரஞ்சு, வெளி ஊதா, ஆற்றல் சிவப்பு, நிஜம் மஞ்சள். படத்தில் ஆறுமே வேறு. ஆன்மா ஆரஞ்சு, காலம் பச்சை என்று மாறிக் கிடக்கும். நிறத்தை வைத்து எந்தக் கல் வேலை செய்கிறது என்று ஊகித்தால் பாதிக் காட்சி தப்பாகப் புரியும். வசனத்தைப் பாருங்க.

அடுத்து தோர். தாடியும் குடுமியுமாக வருபவன் அசல் தோரான ஒடின்சன் இல்லை, எரிக் மாஸ்டர்சன் என்ற மனிதன். அப்போது சுத்தியல் அவன் கையில்.

நான்காம் இதழை மெதுவாகப் படிக்கணும். கேப்டன் அமெரிக்கா தலைமையில் அத்தனை பேரும் அடிவாங்குவது முட்டாள்தனம் போலத் தெரியும். வார்லாக்கின் கணக்கே அதுதான்: தானோஸ் கவனம் அவர்கள் மேல் இருக்கும்போது சர்ஃபர் பாய்ந்து வந்து கையுறையைப் பறிக்கணும். மரணதேவியைக் கவர, பேய்த் தலைவன் மெஃபிஸ்டோ சொன்னதைக் கேட்டுத் தானோஸ் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறான்; இல்லாவிட்டால் இந்தச் சண்டை ஒரு நொடி நிற்காது. சர்ஃபரின் கை மயிரிழையில் தவறுகிறது. அங்கே திட்டம் உடைகிறது.

ஓவியர் மாறுவதும் அதே இதழில்தான். ஜார்ஜ் பெரெஸ் பாதியில் விலக, ரான் லிம் முடிக்கிறார். கட்டங்களின் நெரிசல் சட்டென்று குறையும், அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

நீலக்கல்:
ரொம்ப நன்றி. 1977 மலர்கள் இரண்டையும் சேர்த்து 22. இதை முடித்ததும் 1992-ல் வந்த ‘இன்ஃபினிட்டி வார்’ எடுக்கலாமா? 2018 படம் அதுதானே?

பழுப்புத்தாள்:
பெயர் மட்டும்தான் அது. 1992 கதையில் எதிரி மேகஸ், வார்லாக்கின் கெட்ட பாதி. தானோஸ் அதில் நாயகர்கள் பக்கம் நிற்கிறான். படத்தில் பாதி உயிர்களை அழிக்கும் அந்த விரல் சொடுக்கு நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் புத்தகத்தின் முதல் இதழிலேயே இருக்கிறது. மேகஸை அறியாமல் ‘வார்’ எடுத்தால் மறுபடி இதே கேள்வியோடு வந்து நிற்பீங்க. ‘ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்’ 178–181, ‘வார்லாக்’ 9–11, இந்த ஏழும் முதலில்.