மார்கழிச் சென்னை: கச்சேரி, கேன்டீன், கடைவீதி – போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து:

டிசம்பர் கர்நாடக இசை சீசனுக்குச் சென்னை போகலாமா, குடும்பத்தோடு போனால் தாங்குமா என்று இங்கே பலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். பாட்டு, சாப்பாடு, கடைவீதி மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருக்கிற ஊர் அந்த மாதத்தில் வேறு கிடையாது. ஆனால் தங்குகிற இடத்தை மட்டும் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கமாகவே பாருங்கள். கச்சேரி நடத்துகிற சபாக்களில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையிலேயே இருக்கின்றன. பாரதிய வித்யா பவன் கபாலீஸ்வரர் கோயிலை ஒட்டிக் கிழக்கு மாட வீதியில். மெட்ரோ வேலைக்காக அங்கங்கே தெருவைத் திருப்பிவிட்டிருப்பதால், ஆட்டோ பிடித்து அலைவதைவிட நடந்தே போய்விடுவது மேல்.

பெரிய வித்வான்கள் பாடுகிற மாலைக் கச்சேரிக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறோம். அதற்கு டிக்கெட் முன்னாலேயே வாங்கிவிட வேண்டும். நான் சொல்ல வருவது மத்தியானக் கச்சேரியைப் பற்றி. பல சபாக்களில் பகல் பன்னிரண்டு மணிக்கும் அதற்கடுத்தும் நடக்கிற கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. பாடுகிறவர்கள் இளைஞர்கள். அரங்கில் பாதி நாற்காலி காலியாக இருக்கும், ஆகவே முன்வரிசையிலேயே உட்காரலாம்.

அப்படி ஒரு மத்தியானம் இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் தோடி ராகம் பாடினாள். ராகத்தை விரிக்கிற ஆலாபனையை அவசரப்படாமல், ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று நின்று மேலே கொண்டுபோனாள். மிருதங்கம் வாசித்த பையன் அதற்கு முன்னால் செய்ததை என் சின்ன மகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிசைந்த ரவையை மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நடுவில் அப்பி, விரலால் தட்டித் தட்டிப் பரப்பினான். பிறகு மிருதங்கத்தைத் திருப்பி, சின்னக் கல்லால் வலப்பக்கமான வலந்தலையின் ஓரத்தை மேலும் கீழுமாகத் தட்டிச் சுருதி சேர்த்தான். பெரிய அரங்கில் பின்வரிசையில் இருந்தால் இதெல்லாம் கண்ணில் படவே படாது.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், தொடையில் தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "இந்தக் குழந்தைக்கு இன்னும் அஞ்சாறு வருஷம் போகட்டும்மா, டிக்கெட்டே கிடைக்காது. இப்பவே கேட்டுட்டோம் பாருங்கோ" என்றார். முன்பின் தெரியாதவர். மறுநாள் எந்த சபாவில் யாரைக் கேட்க வேண்டும் என்று என் துண்டுச்சீட்டில் அவரே எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துத்தான் மிச்ச நாட்களையும் ஓட்டினோம். சீசனுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தப் பத்திரிகைப் பட்டியலும் அவர்களுக்கு ஈடாகாது.

சபா கேன்டீனுக்குப் போகக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை, யாரும் போய்ச் சாப்பிடலாம். மத்தியானம் இலைச் சாப்பாடு, சாயங்காலம் டிபன். கீரை வடையும் அடை அவியலும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தன. அக்காரவடிசல் போட்டால் விடாதீர்கள். இலையில் விழுந்ததும் ஓரத்தில் நெய் பிரிந்து நிற்கிற பதம் வீட்டு அடுப்பில் அவ்வளவு சுலபமாக வராது. மாலைக் கச்சேரிக்கு அரைமணி முன்னால் கூட்டம் நெரியும், அதனால் ஐந்து மணிக்கே டிபனை முடித்துவிடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

திருச்சி அக்கா சொன்னது அத்தனையும் சரிங்க. கடைவீதி பத்தி நான் சொல்றேன். தி.நகரை சாயங்காலத்துக்கு வைக்கவே வைக்காதீங்க. பொங்கலுக்கு முன்னால் ரங்கநாதன் தெருவில் ராத்திரி நடக்க இடம் இருக்காது. காலையில் கடை திறக்கிற நேரத்துக்கே போயிருங்க. மின்சார ரயிலில் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால், 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை வழியாகத் தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மேலேயே போகலாம், கீழே கூட்டத்தில் இடிபட வேண்டாம். பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி உட்காரவும் இடம் போட்டிருக்காங்க, வயசானவங்களை அங்கே உட்கார வெச்சுட்டு நாம் சுத்தலாம்.

எங்க வீட்டில் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போயிருந்தோம். பனகல் பார்க்கைச் சுத்திப் பட்டுக்கடைகள்தான். அதில் நல்லி 1928-லிருந்து இருக்குதுங்க. ஒரு கடையில் எங்களுக்கு எடுத்துக் காட்டிய அண்ணன் ரொம்பப் பொறுமையானவர். அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்றேன். உடலும் கரையும் வேற வேற நிறத்தில் இருந்தால் புடவையைத் திருப்பிப் பாருங்க. கோர்வை போட்டு நெய்ததில் உடலும் கரையும் சேர்கிற இடத்தில் பல் பல்லாகப் பின்னின மாதிரி தெரியும். முந்தி உடலோடு சேர்கிற இடத்துக்குப் பிட்னின்னு பேரு, அங்கே விரலை வெச்சுத் தடவினால் லேசாகத் தட்டுப்படும். இந்த ரெண்டும் கைத்தறி வேலை, இதுக்கு ஆள் கூலி அதிகம், அதனால்தான் விலையும் அதிகம். சுத்தப் பட்டுன்னு உறுதி சொல்ற சில்க் மார்க் சீட்டு இருக்கான்னும் கேட்டுக்கோங்க. விலையைப் பார்த்து மாமியாரும் நானும் தயங்கினப்போ, "இன்னைக்கே எடுக்கணும்னு இல்லீங்கம்மா, நாலு கடை பார்த்துட்டு வாங்க"ன்னார். பார்த்துட்டு அவர்கிட்டயேதான் வந்து எடுத்தோம்.

எழும்பூரில் கைத்தறித் துணி விக்கிற கோ-ஆப்டெக்ஸ் இருக்கு, பருத்திக்கு அங்கேதான் போவேன்.

மயிலாப்பூரிலிருந்து:

எங்கள் பேட்டைக்கு வருகிறவர்கள் ஏழு மணி வரை தூங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. மார்கழியின் சிறந்த சங்கீதம் விடிவதற்கு முன்பே மாட வீதியில் நடந்து போய்விடுகிறது. தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் தொடங்கி வைத்த வீதி பஜனை இன்றும் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி வருகிறது. மேடையில் பாடுகிறவர்களும் அதில் வருவார்கள், ஜால்ராவோடு நடந்து வருகிற சாதாரண ஜனங்களும் வருவார்கள். நீங்களும் சேர்ந்துகொள்ளலாம், யாரும் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள்.

சென்ற சீசனில் பஜனை முடிந்து திரும்பும்போது தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பதி ஒருவர் ராயர் மெஸ்ஸுக்கு வழி கேட்டார்கள். அருண்டேல் தெருவுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். சின்ன இடம், பந்தி பந்தியாக உட்கார வைப்பார்கள், காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்த நேரத்தில் அந்த அம்மா தன் தகப்பனார் நாகஸ்வரம் வாசித்தவர் என்று சொல்லி, திருவிழா ராத்திரிகளில் அவர் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியை வாசித்துக்கொண்டே சுவாமிக்கு முன்னால் நடந்த கதையைச் சொன்னார். இட்லி வந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை.

திருவாதிரை அன்று இருந்தால் களி கிடைக்கும். வைகுண்ட ஏகாதசி எந்தத் தேதி என்று பார்த்துக்கொண்டு, அன்றைக்குத் திருவல்லிக்கேணிப் பக்கம் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், பார்த்தசாரதி கோயில் கூட்டம் நெரியும். ஜனவரி முற்பாதியில் வந்தால் மயிலாப்பூர் விழாவும் இருக்கும். வடக்கு மாட வீதியில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கோலம் போடுவதைப் பார்க்கவே வரலாம்.

சிங்கப்பூரிலிருந்து:

எல்லோரும் மயிலாப்பூரோடு நின்றுவிடுகிறீர்கள், பாரிமுனைக்கும் வாருங்கள். 1943-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய தமிழிசைச் சங்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் இதே சீசனில் இசைவிழா நடத்துகிறது. அங்கே முழுக்கத் தமிழ்ப் பாட்டு. தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சி அமர்வுகளும் நடக்கும். என் மகனுக்கு ராகம் தெரியாது, ஆனால் சொல் புரிந்ததால் அசையாமல் உட்கார்ந்து கேட்டான். பிள்ளைகளுக்குக் கச்சேரியை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தால் பர்மா பஜார் பக்கத்திலேயே அத்தோ கடைகள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. வேகவைத்த நூடுல்ஸில் கோஸ், வறுத்த வெங்காயம், நொறுக்கிய தட்டை, புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். கடைக்கார அக்காவிடம் என் பாட்டியும் ரங்கூனில் பிறந்தவர் என்றேன். பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தி, "எந்தத் தெருன்னு சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். அவருடைய அம்மா கப்பலில் வந்திறங்கிய கதையைச் சொல்லி, வறுத்த வெங்காயம் அடைத்த அவித்த முட்டை ஒன்றைத் தட்டில் வைத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பகலில் அந்தப் பக்கம் போனால் கோடவுன் தெருவில் துணி, மின்ட் தெருவில் ஜிலேபியும் பாதாம் பாலும். வாத்தியம் வாங்கவோ சும்மா பார்க்கவோ அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் இருக்கிறது. 1842-லிருந்து நடக்கிற கடை.

திருச்சியிலிருந்து மறுபடியும்:

பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி என்று கேட்டவர்களுக்கு: காலையில் கடை, மத்தியானம் இலவசக் கச்சேரி ஒன்று, அறைக்கு வந்து தூக்கம், மாலையில் டிபனும் இன்னொரு கச்சேரியும். இதற்கு மேல் ஒரு நாளில் எதையும் திணிக்காதீர்கள். ஓர இருக்கையில் உட்காருங்கள், எழுந்து போவதானால் ஒரு பாட்டு முடிந்த பிறகு போங்கள். ஒரு வேண்டுகோள், தாள வாத்தியங்கள் மட்டும் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காபிக்கு எழுந்து ஓடாதீர்கள். இரண்டு மணிநேரம் பாட்டைத் தாங்கிப் பிடித்த மிருதங்கக்காரருக்கும் கடத்துக்காரருக்கும் அதுதான் அவர்களுடைய நேரம். என் மகள் அன்றைக்கு மிகவும் ரசித்ததும் அதைத்தான்.

ரயில் முன்பதிவு திறந்தவுடனே போட்டுவிடுங்கள், அரையாண்டு விடுமுறையும் பண்டிகையும் சேர்ந்து வருவதால் சீக்கிரம் நிரம்பிவிடும். அரங்குக்குள் ஏ.சி. குளிரும், பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துப்போங்கள். அடுத்த சீசனில் இங்கிருந்து யாரெல்லாம் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், பவன் வாசலில் சந்திக்கலாம்.