டிரான்சிட்டுக்கு என்ன சொல்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

காரைக்குடி, திங்கள் இரவு 9.10

நம் மடற்குழுவில் அனைவருக்கும் வணக்கம். வானியல் அறிமுகம் என்ற இணையவழிப் பாடத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது வாரம் முழுக்கப் புறக்கோள்கள், அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள். வாத்தியார் மூச்சுக்கு மூச்சு டிரான்சிட், டிரான்சிட் என்கிறார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோள் தன் விண்மீனுக்கு முன்னால், நம் பார்வைக்கு நேராகக் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி துளி குறையும். 1999-ல் பெகாசஸ் விண்மீன் குழுவில் எச்டி 209458 என்ற விண்மீனில்தான் இதை முதன்முதலாக அளந்தார்கள். ஒன்றரை சதவீதம்போல ஒளி குறைகிறது, சுமார் மூன்று மணி நேரம் நீடிக்கிறது, மூன்றரை நாளுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது.

எனக்கு வேண்டியது பெயராகவும் வினையாகவும் நிற்கிற சொல். பின்னால் ஆழம் (ஒளி எவ்வளவு குறைகிறது என்பது), நேரம், முறை என்று ஒட்டினாலும் உடையக் கூடாது. ஒரு வரிக்கு முப்பத்தைந்து எழுத்துக்கு மேல் ஏறவும் கூடாது. இடைநகர்வு, கடப்பு, ஊடுகடப்பு மூன்றும் கையில் இருக்கின்றன. கோப்பு வெள்ளிக்கிழமை போக வேண்டும்.

தேவகோட்டை, திங்கள் இரவு 10.45

அம்மா, தலைப்பிலேயே இடிக்கிறது. டகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது. தமிழ்ச்சொல் கேட்டு எழுதும் மடலின் தலைவாசலிலேயே இப்படியா?

சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. புறநானூறு முப்பதாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் 'செஞ்ஞாயிற்றுச் செலவும்' என்று தொடங்கி, ஞாயிற்றின் இயக்கத்தையும் மண்டிலத்தையும் வளி திரியும் திசையையும் வெறும் வெளியையும் சென்று அளந்து அறிந்தவர்கள்போலச் சொல்கிறவர்களும் உண்டு என்கிறார். வானத்துப் பொருள் ஓடுவதற்குச் செலவு என்று அன்றே சொல் இருக்கிறது. குறுக்கே செல்வதால் குறுக்குச்செலவு. முடிந்தது.

பள்ளத்தூர், செவ்வாய் காலை 6.20

ஐயா, வணக்கம். நம் பக்கத்தில் செலவு என்றதும் பேரேட்டை எடுத்துவிடுவார்களே! ஒளி குறைகிறதே, அது செலவுதான் என்று கணக்கும் சரியாக வந்துவிடும். குறுக்குச்செலவு என்றால் கணக்கப்பிள்ளை மறைத்து எழுதியது என்று நினைப்பார்கள்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லைக் கேட்டதும் காட்சி தெரிய வேண்டும். முகப்பில் உட்கார்ந்து படிக்கிறோம், வாசலில் யாரோ போகிறார்கள், நிமிராமலே தெரிகிறது. அதை நிழலாடுது என்றுதானே சொல்கிறோம்? தூரத்து விண்மீனில் நடப்பதும் அதுதான். கோளை யாரும் பார்ப்பதில்லை, ஒளி மட்டுப்படுவதைத்தான் பார்க்கிறோம். நிழலாட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழலாடும் கோள், நிழலாட்ட நேரம், எல்லாம் வரும்.

கோட்டையூர், செவ்வாய் காலை 9.05

ஆச்சி, கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கல்லூரியில் இதை நடத்துகிறவன் என்ற முறையில் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். விண்மீன் ஒளி கோளால் மட்டும் குறைவதில்லை. விண்மீனின் மேலேயே கரும்புள்ளிகள் இருக்கும், விண்மீன் சுழலும்போது அவையும் சுற்றிவரும், ஒளி ஏறி இறங்கும். அந்த ஆட்டம் எது, கோளின் வேலை எது என்று பிரிப்பதுதான் ஆய்வாளருக்குப் பாதி வேலை. சொல்லிலேயே ஆட்டம் இருந்தால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுவோம். வியாழன் அளவுள்ள கோள் சூரியன் அளவுள்ள விண்மீனுக்கு முன்னால் போனால் ஒரு சதவீதம் குறையும். பூமி அளவு என்றால் 0.008 சதவீதம். அந்தத் துளியைத் தேட 2009-ல் கெப்ளர் தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்ப வேண்டியிருந்தது. இதை நிழலாட்டம் என்றால் ஏதோ கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது.

இடைநகர்வும் வேண்டாம். வெள்ளி ஏறக்குறைய 584 நாளுக்கு ஒருமுறை நமக்கும் சூரியனுக்கும் இடையே நகரத்தான் செய்கிறது. பெரும்பாலும் சூரிய வட்டுக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடும். வட்டின் மேலேயே விழுந்தது 2004-லும் 2012-லும். இனி 2117-ல்தான். இடையே நகர்வது வேறு, முகத்தின் மேல் கடப்பது வேறு.

என்னைக் கேட்டால் டிரான்சிட் என்றே போடலாம். மாணவர்கள் பரீட்சையில் ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறார்கள்.

தேவகோட்டை, செவ்வாய் பகல் 11.30

தம்பி கோட்டையூரிலிருந்தா இப்படி எழுதுவது? ரோஜா முத்தையா அந்த ஊரில் உட்கார்ந்து தமிழில் அச்சான தாளையெல்லாம் சேர்த்து வைத்தாரே, அது சென்னையில் ஆய்வு நூலகமாகி உலகமே வந்து பார்க்கிறது. அவ்வளவு தாள் அச்சடித்த மொழியில் ஒரு சொல் கிடைக்காதா? வடசொல்லையே வடவெழுத்தை ஒருவிவிட்டுத்தான் உள்ளே விட்டார் தொல்காப்பியர். நீங்கள் சொல்வதை உள்ளே விட வேண்டுமானால் 'இதிரான்சித்து' என்று எழுத வேண்டும். எழுதுவீர்களா?

கானாடுகாத்தான், செவ்வாய் மாலை 4.15

இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். ஊரில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, அதை ஏன் யாரும் தொடவில்லை? பெயர்ச்சி. சோதிடப் புத்தகங்களில் இதே ஆங்கிலச் சொல்லுக்குப் பெயர்ச்சி என்றுதான் போடுகிறார்கள். குருப்பெயர்ச்சி அன்றைக்குப் பட்டமங்கலத்தில் தட்சிணாமூர்த்தி சன்னதிக் கூட்டத்தைப் பாருங்கள், இந்தச் சொல் தெரியாத ஆள் உண்டா?

இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் வாக்கியப் பஞ்சாங்கம்தானே பார்ப்போம். சுக்கிரன் சூரியனை நெருங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் நாட்களை மூடம் என்று குறித்திருப்பார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள். வெள்ளி சூரியன்மேல் கடப்பது மூடத்துக்கு நட்டநடுவில்தான். அந்தச் சொல்லையும் யோசிக்கலாம்.

பஞ்சாங்கம் என்றதும் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி ஞாபகம் வருகிறார். 1761-ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க பிரான்சிலிருந்து கிளம்பினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அன்றைக்கு அவர் நடுக்கடலில். கப்பல் ஆடினால் எங்கே அளப்பது? எட்டு வருஷத்தில் இன்னொன்று வருகிறதே என்று இந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில், சரியாக அந்த நேரத்துக்கு மேகம். ஊருக்குத் திரும்பினால் ஆள் செத்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு போடுகிறார்கள்.

ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தைத் தமிழ்க் கணிப்பு முறையில் போட்டுப் பார்த்தபோது, கிரகணம் நீடித்த நேரத்தில் பிசகு 41 விநாடிதான் என்று எழுதிவைத்திருக்கிறார். ஐரோப்பிய அட்டவணையில் பிசகு 68 விநாடி! எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்த வாக்கியங்களை வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கர்கள் என்ன சொல் வைத்திருந்தார்கள் என்று தேட வேண்டாமா?

கோட்டையூர், செவ்வாய் இரவு 8.40

அண்ணன், லெ ஜாந்தி கதைக்கு நன்றி, வகுப்பில் சொல்கிறேன். ஆனால் மூடம் வேண்டவே வேண்டாம். திரையில் அதைப் போட்டால் பாடம் எடுப்பவரைச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.

பெயர்ச்சிக்கு இரண்டு தடை. பள்ளியிலேயே இடப்பெயர்ச்சி என்று ஒன்றைப் படித்துவிட்டு வருகிறார்கள். விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசையும்போது நிறமாலைக் கோடுகள் நகருமே, அதையும் பெயர்ச்சி என்றுதான் எழுதுகிறோம். புறக்கோள் தேடுவதில் அது இன்னொரு முறை. 1995-ல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டது அப்படித்தான், 2019-ல் நோபெல் வாங்கித் தந்ததும் அதுதான். ஒரே பாடத்தில் இரண்டு முறைக்கும் பெயர்ச்சி என்றால் பையன் எதைப் படிப்பான்? அதற்கு மேல் "வியாழன் அளவுக் கோளின் பெயர்ச்சி" என்று வந்தால் எந்த ராசிக்கு என்று கேட்பான்.

தேவகோட்டை, செவ்வாய் இரவு 11.55

கணித்தவர்களைப் பற்றிச் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. கிரகம், கிரகணம் இரண்டும் பற்றுதல் என்ற பொருளில் பிறந்தவை. நம் கோளும் அப்படியே. கொள் முதல்நிலை நீண்டு கோள் ஆயிற்று. பாம்பு பற்றுவதால் கிரகணம். குறுந்தொகையில் 'அரவு நுங்கு மதி' வருகிறது, நுங்குதல் என்றால் விழுங்குதல். ஆகவே பெரிய கோள் மறைத்தால் நுங்கல், சிறிய கோள் மறைத்தால் குறுநுங்கல் என்று...

பள்ளத்தூர், புதன் காலை 6.05

ஐயா, நுங்கு என்றால் இந்தச் சித்திரையில் பிள்ளைகளுக்கு வேறு ஞாபகம்தான் வரும்.

காரைக்குடி, புதன் மதியம் 1.30

எல்லோருக்கும் நன்றி, ஆனால் எனக்கு இன்னும் இரண்டு நாள்தான். கடப்பு என்று வைத்து ஒரு காணொளியை எழுதிப் பார்த்தேன். "கடப்பு ஆழம் கோளின் பருமனைச் சொல்லும்." "கோள் கடக்கும் நேரம் 3 மணி." வரிக்குள் அடங்குகிறது. ஒரே பயம், கடத்தல் என்று யாராவது மாற்றிவிடுவார்கள். எங்கள் ஊரில் மின்வேதியியல் ஆய்வகத்துப் பக்கம் கடத்தல் என்றால் மின்சாரம், பஸ் ஸ்டாண்டு பக்கம் கடத்தல் என்றால் ஆள்.

கானாடுகாத்தான், புதன் மாலை 5.00

கடப்பு என்றால் கடப்பாக் கல் அல்லவா ஞாபகம் வருகிறது! அந்த ஊர்ப் பெயரே தெலுங்கில் வாசற்படி என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், திருப்பதிக்கு வாசற்படியாம். வாசற்படியைத்தானே கடக்கிறோம், அப்படிப் பார்த்தால் பொருத்தம்தான். சரி, என் வாக்கு கடப்புக்கு.

தேவகோட்டை, புதன் இரவு 9.20

தெலுங்குக்குப் போக வேண்டியதில்லை. கட என்ற வேரிலிருந்து கடவு, கடவுள், கடன், கடமை என்று ஒரு குடும்பமே வந்ததாகச் சொல்வார்கள். சொல்லில் எனக்குக் குறை இல்லை. குறை பொருளில். கோள் விண்மீனுக்குப் பின்னால் போனாலும் அது கடப்புத்தான். முன்னால் போவது என்ற செய்தி இந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது? முற்கடப்பு என்றாவது வையுங்கள்.

கோட்டையூர், புதன் இரவு 10.10

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பின்னால் போவதற்கு மறைப்பு என்று தனிச்சொல் வைத்துவிட்டால் கடப்பு தானாக முன்பக்கத்துக்கு ஒதுங்கிவிடும். 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோதுதானே அதன் வளையங்கள் தெரிந்தன? காவலூர் வானாய்வகத்திலிருந்தும் அன்றைக்குப் பார்த்தார்கள். அந்த நிகழ்வுக்கு மறைப்பு என்று எழுதிப் பழகிவிட்டோம். சொல்லைத் தனியாக எடைபோட்டால் எல்லாமே குறைதான், ஜோடியாகப் பார்த்தால் நிற்கும். முற்கடப்பு என்றால் பையன்கள் முற்கடன் என்று படிப்பார்கள். டிரான்சிட்டை நான் விட்டுக்கொடுக்கிறேன், முதல் முறை வரும்போது மட்டும் "டிரான்சிட் எனப்படும் கடப்பு" என்று போடுங்கள், போதும்.

காரைக்குடி, வியாழன் இரவு 11.40

கணக்குப் பார்த்தால் கடப்புக்குக் கோட்டையூர், கானாடுகாத்தான், நான். நிழலாட்டத்துக்கு ஆச்சி. முற்கடப்புக்கு ஐயா. கடப்பு என்றே போடுகிறேன். பின்னால் போவது மறைப்பு. ஆச்சி சொன்னதை ஓரிடத்தில், வாத்தியார் விளக்கைக் கையால் மறைத்துக் காட்டும் காட்சியில், "நிழலாடுவதுபோல" என்று விளக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.

தேவகோட்டை, வெள்ளி காலை 5.50

பெரும்பான்மை முடிவு. மாறுபட்டவன் என்று குறித்துக்கொள்ளுங்கள். நன்றியுரையில் என் பெயர் வேண்டாம், ழகரத்தை லகரமாக அடித்திருக்கும் நான்காம் சப்டைட்டில் வரியைத் திருத்தினால் போதும்.

பள்ளத்தூர், வெள்ளி காலை 7.15

எனக்குக் கடப்பில்கூட வருத்தமில்லை. 'கடப்பு ஆழம்' என்கிறீர்களே, ஆழம் என்றால் பிள்ளை கிணற்றைத்தான் நினைக்கும். ஒளித்தாழ்வு என்று சொன்னால் என்ன?

காரைக்குடி, வெள்ளி காலை 10.02

ஆச்சி, கோப்பு ஒன்பதரைக்கே போய்விட்டது.