திருவிழா மேடைக்கு எந்த பேஸ் கிட்டார், அதற்கு எந்தக் கம்பி?

காவேரிப்பட்டணத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் ஓர் இன்னிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். பாலக்கோடு, ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி பக்கம் மாரியம்மன் திருவிழாக்கள்தான் எங்களுக்கு அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும் வாசிக்கிறேன். இதுவரை என் கையில் இருப்பது குழுவை நடத்தும் அண்ணனுடைய கிட்டார். ஆடி மாதக் கச்சேரிகள் தொடங்குவதற்குள் எனக்கென்று ஒன்று வாங்கிவிட வேண்டும்.

25 ஆயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். இழுத்துப் பிடித்தால் 28 வரை போகலாம். ஓசூரில் ஒருவர் பழைய ஸ்குவையர் ஜாஸ் பேஸ் ஒன்றை விற்கிறார். புதிதாக என்றால் யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 பார்த்து வைத்திருக்கிறேன். பெங்களூரில் ஒரு கடையில் இரண்டு வகையையும் வாசித்துப் பார்த்தேன். அந்தக் கண்ணாடி அறைக்குள் இரண்டுமே நன்றாகத்தான் கேட்டன, அதனால்தான் குழப்பம்.

நாங்கள் வாசிப்பதில் பாதிக்கு மேல் எண்பதுகளின் இளையராஜா பாட்டுகள். மீதி புதுப் பாட்டுகளும் குத்துப் பாட்டுகளும்.

அடுத்தது கம்பி. அண்ணன் கிட்டாரில் கம்பி மாற்றி நான் பார்த்ததே இல்லை, துருவேறிக் கிடக்கிறது. நிக்கல், ஸ்டெயின்லெஸ், ஃப்ளாட்வவுண்ட், நைலான் சுற்றியது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கடையில் கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள். வாசித்து அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் ஐந்து கம்பி எழுதியது:

நண்பரே, இரண்டையும் விட்டுவிட்டு ஐந்து கம்பி பேஸ் ஒன்று பாருங்கள். மேடையில் பாடகருக்காகச் சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்குவது நமக்கு வாடிக்கை. பாட்டு ஈ (E) ஸ்வரத்திலிருந்து டி-க்கு (D) இறங்கினால் நான்கு கம்பிக்காரர் கீழ் ஸ்வரத்தை விட்டுவிட்டு மேல் ஸ்தாயிக்குத் தாவ வேண்டியிருக்கும். ஐந்தாவது கம்பி பி வரை இறங்கும், தாவ வேண்டிய தேவையே இல்லை. புதுப் பாட்டுகளில் கீபோர்டில் வரும் அடி பேஸுக்கும் அதுதான் பொருந்தும்.

தகடூர் பேஸ் எழுதியது:

தம்பி, நான் தருமபுரி. எங்கள் குழுவில் பேஸ் வாசிப்பவன் நான்தான், குழுவின் கிட்டார்களுக்குக் கம்பி மாற்றுவதும் செட்டப் செய்வதும் நான்தான். கண்ணாடி அறையில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வாசிக்கப் போவது அங்கே இல்லை, அதனால் மேடையிலிருந்தே சொல்கிறேன்.

நம் பக்கத்துத் திருவிழா மேடையில் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜெனரேட்டர், அதிலிருந்து ஓர் ஒயர், அதிலேயே சீரியல் லைட், ஃபோகஸ் லைட், மிக்சர், ஆம்ப் எல்லாம். எர்த் பல இடங்களில் பெயருக்குத்தான் இருக்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது பிக்கப். அந்த மேடையில் சிங்கிள் காயில் பிக்கப் (ஒற்றைச் சுருள் பிக்கப்) உள்ள கிட்டாரைச் செருகினால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் பாட்டுக்கு நடுவிலும் நிற்காமல் வரும். ஜாஸ் பேஸில் இருப்பவை இரண்டு சிங்கிள் காயில்கள். பெரும்பாலான ஜாஸ் பேஸ்களில் இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழித்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலும் இரைச்சல் திரும்பி வந்துவிடும். ஜாஸ் பேஸின் அழகே இரண்டையும் கூட்டிக் குறைத்து வாசிப்பதில்தான் இருக்கிறது. அந்த அழகை நம் மேடையில் அனுபவிக்க முடியாது.

ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸ் வேறு மாதிரி. லியோ ஃபெண்டர் அதை 1951இல் கொண்டுவந்தபோது அதிலும் ஒற்றைக் காயில்தான். 1957இல் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, ஒரு துண்டு தடித்த இரண்டு கம்பிக்கு, மற்றது மெல்லிய இரண்டு கம்பிக்கு என்று தள்ளித் தள்ளி வைத்தார். அந்த இரண்டு துண்டும் சேர்ந்து இரைச்சலைத் தாமே அழித்துக்கொள்ளும், நீங்கள் எந்தக் குமிழையும் யோசிக்க வேண்டாம். ஜாஸ் பேஸ் வந்தது 1960இல். அதன் கழுத்து, தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட் பக்கத்தில் மெலிந்தது, அகலம் ஒன்றரை அங்குலம்தான். சிறிய கைக்கு அது சுகம் என்பது உண்மை.

நீங்கள் சொன்ன யமஹா 174இல் முன்னால் பிரிசிஷன் மாதிரி பிளவு பிக்கப், பின்னால் ஜாஸ் மாதிரி ஒன்று. கழுத்தும் ஜாஸ் அளவுக்கு மெலிந்ததுதான். இரைச்சல் உள்ள ஊரில் பின் பிக்கப்பை மூடிவிட்டு முன் பிக்கப்பில் வாசியுங்கள். தேவாலயத்தில் எர்த் சரியாக இருந்தால் இரண்டையும் திறந்துகொள்ளுங்கள். பேட்டரி இல்லாத பாசிவ் கிட்டார் என்பதால் நடுப் பாட்டில் ஒன்பது வோல்ட் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. உங்கள் பணத்துக்கும் உங்கள் மேடைக்கும் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஓசூர் நண்பர் சொன்ன சுருதிப் பிரச்சினை நிஜம். ஆனால் அந்த பி கம்பியின் அதிர்வு ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ். விலை குறைந்த ஐந்து கம்பி கிட்டார்களில் அது இழுவிசை இல்லாமல் தொளதொளவென்று கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். நான்கு கம்பியிலேயே ஈ கம்பியை டி-க்கு இறக்கி வாசிக்கலாம். அதற்காகத்தான் தடித்த கம்பி 105 ஆக இருக்கட்டும் என்று கீழே சொல்கிறேன்.

இனி கம்பி. பொட்டியில் 45-105 என்று போட்டிருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 105 என்றால் ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டர் தடிமன். நிக்கல் பூசிய ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பியால் சுற்றியது), 45-65-85-105, லாங் ஸ்கேல், இதை வாங்குங்கள். லாங் ஸ்கேல் என்பதைக் கேட்டு வாங்க வேண்டும், உங்கள் கிட்டார் நட்டிலிருந்து, கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் வரை 34 அங்குலம். ஷார்ட் ஸ்கேல் செட் 30 அங்குல கிட்டாருக்கானது.

ஸ்டெயின்லெஸ் கம்பி பளீரென்று கேட்கும், ஆனால் கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டை நிக்கலைவிட வேகமாகத் தின்னும், விரலுக்கும் கரடுமுரடு. கட்டைவிரலால் தட்டி வாசிப்பவர்களுக்கு அது பிடிக்கும். உங்கள் பாட்டுப் பட்டியலுக்குத் தேவையில்லை.

வாங்கிய கம்பி உயிரோடு இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. மேடைக்கு முன் கோயிலில் பொங்கலோ புளியோதரையோ கொடுப்பார்கள், சாப்பிட்ட கையோடு கிட்டாரைத் தொடாதீர்கள். எண்ணெயும் வியர்வையும் சுற்றின் இடுக்குகளில் போய் உட்கார்ந்தால் கம்பி செத்துவிடும், துரு அப்புறம்தான் வரும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் வரை துடையுங்கள். மார்கழிக் கச்சேரியில் பனி இறங்கும், அப்போது இரண்டு தடவை துடையுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். கிட்டார் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத மேடையில் கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டால் ஷாக் அடிக்கும். மைக்கைத் தொடுவதற்கு முன் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். இரைச்சல் குறைகிறது என்று யாராவது பிளக்கின் மூன்றாவது பின்னை (எர்த் பின்னை) உடைக்க வந்தால் விடாதீர்கள்.

காவேரிப்பட்டணத்தான் எழுதியது:

அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. ஜெனரேட்டர் இரைச்சல் என்றதும் போன பங்குனியில் வாசித்த மேடைதான் நினைவுக்கு வந்தது, அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்றே அன்று யாருக்கும் பிடிபடவில்லை. இப்போது யமஹா பக்கம்தான் மனம் சாய்கிறது.

இரண்டு கேள்விகள். இளையராஜா பாட்டுகளில் கேட்கும் அந்த உருண்டையான, மெத்தென்ற பேஸ் நிக்கல் கம்பியில் வருமா, ஃப்ளாட்வவுண்ட் போட்டால்தான் வருமா? தேவாலயத்தில் பேஸ் ஆம்ப் இல்லை, கிட்டார் ஆம்ப்தான் இருக்கிறது. அதில் செருகலாமா?

கிருஷ்ணகிரி சவுண்ட் எழுதியது:

நான் வாசிப்பவள் இல்லை, மிக்சருக்குப் பின்னால் நிற்பவள். மாங்கனி கண்காட்சி மாதிரி பெரிய திடலிலும் சின்ன ஊர்த் திருவிழாவிலும் சவுண்ட் பார்த்திருக்கிறேன்.

தம்பி, கிட்டார் ஆம்பில் பேஸை உரக்க வாசிக்காதீர்கள், அந்த ஸ்பீக்கர் கோன் அவ்வளவு அசைவுக்குச் செய்யப்பட்டதில்லை, கிழிந்துவிடும். ஒரு டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வாங்கி அதன் வழியாக நேராக மிக்சருக்குக் கொடுங்கள். நீளமான ஒயர் ஓடினாலும் இரைச்சல் சேராது, பெரும்பாலான பாக்ஸில் சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் எர்த் லிஃப்ட் சுவிட்சும் இருக்கும். தகடூர் அண்ணன் பின்னை உடைக்க வேண்டாம் என்றாரே, இரைச்சலைக் குறைக்க இந்தச் சுவிட்சுதான் சரியான வழி.

கம்பியில் எனக்கு வேறு கருத்து. ஃப்ளாட்வவுண்டே போடுங்கள். தட்டையான பட்டியால் சுற்றியது, வழவழவென்று இருக்கும், விரல் நகரும் கீச்சொலி மைக்செட்டில் வராது. டிரம், கீபோர்டு, தபேலா எல்லாம் ஒன்றாக முழங்கும்போது பேஸ் தன் இடத்தில் உட்காரும், நான் எதையும் வெட்ட வேண்டியிருக்காது. நிக்கல் செட்டைவிட விலை அதிகம்தான், ஆனால் வருஷக்கணக்கில் ஓடும். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பிரிசிஷன் பேஸில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றாமல் வாசித்தவர். அண்ணன் கிட்டாரில் கம்பியே மாறவில்லை என்கிறீர்கள், அப்படிப்பட்ட குழுவுக்கு ஃப்ளாட்தான் பொருத்தம்.

தகடூர் பேஸ் எழுதியது:

சகோதரி சொன்ன டி.ஐ. பாக்ஸுக்கு முழு ஆதரவு. ஃப்ளாட்வவுண்ட் விஷயத்தில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை.

நான்கு கம்பி பேஸில் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். நம் ஊர் வாடகைப் பெட்டிகளில் பல அந்த அளவுக்கு இறங்குவதே இல்லை. தெரு முழுக்கக் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் பேஸ் என்ற ஒன்றே வராது. அங்கே நிற்பவர் காதில் விழுவது பேஸின் மேல் ஒலிகள்தான், 82, 123 என்று மேலே போகும் பகுதியும் விரல் படும் சத்தமும். ஃப்ளாட்டில் அந்த மேல் ஒலிகள் குறைவு. அறைக்குள்ளும் ரெக்கார்டிங்கிலும் அது அருமை, திறந்த திடலில் பேஸ் கரைந்து போகிறது. குத்துப் பாட்டுக்கு அது போதவே போதாது. கையில் ஒரே கிட்டார், பாட்டு இரண்டு விதம் என்றால் நிக்கல்தான்.

உருண்டையான பேஸ் நிக்கலிலும் வரும், தம்பி. இளையராஜாவுக்கு வாசித்த சசிதரன், ஏ.ஆர். ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் இவர்களை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். அந்த நிறுத்தம் இடது கையின் வேலை, கம்பி அதைச் செய்துகொடுக்காது. எண்பதுகளின் பாட்டு வரும்போது டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, மீட்டும் கையைக் கழுத்து முடியும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அப்புறம் ஒரு துண்டு ஸ்பாஞ்சைப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் சொருகுங்கள், பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ஸ்பாஞ்ச் போதும், பச்சை நார்ப் பக்கத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். பழைய ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜ் மூடிக்குள்ளேயே இப்படி ஒரு ஸ்பாஞ்ச் வைத்துத்தான் அனுப்பினார்கள். குத்துப் பாட்டு வந்ததும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். ஃப்ளாட் கம்பியை அப்படி நடுக் கச்சேரியில் மாற்ற முடியாது.

கம்பி மாட்டும்போது நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கும் சேர்ந்து கழுத்தை எழுபது எண்பது கிலோ பாரத்தில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. முறுக்காணியைத் தாண்டி நாலு விரற்கடை நீளம் விட்டு, அங்கே கம்பியைச் செங்குத்தாக மடக்கி, மடக்கிய பிறகு வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று வழுக்கி ஓசை மங்கிவிடும். முனையை ஆணியின் நடு ஓட்டையில் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வந்தால் போதும்.

வேறு தடிமன் போட்டால் கழுத்தின் வளைவு மாறும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஈ கம்பியில் அழுத்திப் பிடித்து ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் சரி. அதிகம் இருந்தால், கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருகி, மறுபடி டியூன் செய்துவிட்டுப் பாருங்கள். இறுகி நின்றால் பலம் போட வேண்டாம், தருமபுரிக்கு எடுத்து வாருங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.

மேடையில் லைட் போட்டுக் கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை டியூன் பாருங்கள். சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கியிருக்கும்.

காவேரிப்பட்டணத்தான் எழுதியது:

சரி அண்ணா, யமஹாவும் நிக்கல் 45-105 இரண்டு செட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். டி.ஐ. பாக்ஸுக்குத் தேவாலயத்தில் கேட்டிருக்கிறேன், வாங்கித் தருகிறோம் என்றார்கள். அக்கா, அந்த பாக்ஸில் பாசிவ், ஆக்டிவ் என்று இரண்டு வகை பார்த்தேன். இந்த கிட்டாருக்கு எது?

கிருஷ்ணகிரி சவுண்ட் எழுதியது:

பாசிவ் கிட்டாருக்கு ஆக்டிவ் பாக்ஸ் வாங்குங்கள் தம்பி, கிட்டாரின் மேல் ஒலிகளைக் குறைக்காமல் எடுக்கும். அது பேட்டரியிலோ, மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரிலோ ஓடும். உங்கள் தேவாலய மிக்சரில் அந்த பட்டன் இருக்கிறதா என்று ஞாயிறு அன்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பேட்டரி போடும் வகையாகக் கேளுங்கள்.