பொருள் பக்க ஏ/பி சோதனை: நாலே நாளில் 95% காட்டுகிறது, மாற்றிவிடலாமா?

கடைவிரித்தவர்:
என் ஆன்லைன் கடையின் பொருள் பக்கத்துக்கு ஏ/பி சோதனை நடத்துகிறேன்: வருபவர்களைப் பிரித்து ஆளுக்கொரு வடிவம் காட்டி, எதில் ஆர்டர் கூடுகிறது என்று பார்ப்பது. இரண்டு வடிவங்கள் ஓடுகின்றன. ஏ பழையது. பி-யில் படம் பெரிது; விலையும் 'கார்ட்டில் சேர்' பட்டனும் பக்கத்தை உருட்டாமலே தெரியும்; டெலிவரி நாள் பட்டனுக்குக் கீழே. தினமும் சுமார் 400 பேர் வருகிறார்கள், பாதிப் பாதி. நாலு நாளில் ஏ-க்கு 16 ஆர்டர், பி-க்கு 29. சோதனைக் கருவி 95% நம்பிக்கை என்கிறது, அதாவது இந்த வித்தியாசம் வெறும் தற்செயலாக இருக்காது என்கிறது. நிறுத்திவிடலாமா?

எண்பித்தன்:
வேண்டாம். எத்தனை பேர் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அது நிறைந்தபின் ஒரே ஒருமுறை பார்த்தால்தான் அந்த 95% செல்லும். 95-ஐத் தொட்டதும் நிறுத்துவது என்று அவ்வப்போது எட்டிப் பார்த்தால், இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்றாக இருந்தாலும், பத்துப் பார்வைக்குள் ஏதோ ஒன்று வென்றதாகக் காட்டும் வாய்ப்பு கிட்டத்தட்ட 19%.

ஒரு வடிவத்துக்கு எத்தனை பேர் வேண்டும்? 16 × வி × (1 − வி) ÷ வித்தியாசத்தின் வர்க்கம். 'வி' இரண்டு வடிவங்களின் ஆர்டர் விகிதங்களின் (வருபவரில் ஆர்டர் செய்பவர் பங்கு; 2% என்றால் 0.02) சராசரி; வித்தியாசம் அந்த இரண்டு விகிதங்களுக்கும் இடையிலானது. 2% என்பது 3% ஆகுமா என்று பார்க்க ஒரு வடிவத்துக்கு 3,900 பேர், அதாவது உங்கள் வரத்துக்கு 20 நாள். முழு வாரக் கணக்கில் 21 ஆக ஓட்டுங்கள். வார நாளில் வாங்குபவரும் விடுமுறையில் வாங்குபவரும் ஒரே மாதிரி அல்ல. 2%-இலிருந்து 2.4% என்றால் வடிவத்துக்கு 21,500 பேர், மூன்றரை மாதம் ஆகிவிடும். அதனால் பட்டன் நிறம் மாதிரி சில்லறை மாற்றங்களை இந்த வரத்தில் சோதிக்கவே வேண்டாம். மூன்றையும் சேர்த்து மாற்றியது சரிதான். எது வேலை செய்தது என்று தெரியாது, பரவாயில்லை.

பின்கதவு:
முடிவைப் பார்க்கும் முன் ஆள் பிரிப்பைப் பாருங்கள். பாதிப் பாதி என்று வைத்தும் ஒரு வடிவத்துக்கு 5,000 பேர், மற்றதுக்கு 5,300 பேர் என்று வந்தால் அது தற்செயலாக இருப்பது மிக அரிது. அந்தச் சோதனையைத் தூக்கிப் போடுங்கள். பி-யை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம்: மெதுவான இணைப்பில் இருப்பவர் பக்கம் வருமுன்னே போய்விடுவார். பாட்களும் (தானாகவே பக்கங்களைத் திறக்கும் நிரல்கள்) கணக்கைக் கெடுக்கும்.

இன்னொன்று, யார் எந்த வடிவம் பார்த்தார் என்பதைப் பிரவுசரில் குறித்து வைப்பது குக்கீ. சஃபாரி பிரவுசரில், பக்கத்தில் ஓடும் ஸ்க்ரிப்ட் போடும் குக்கீக்கு ஏழு நாள்தான் ஆயுள். எட்டாம் நாள் திரும்பி வருபவர் புது ஆளாகி, மற்ற வடிவத்தைப் பார்க்கக்கூடும். குக்கீயை சர்வரிலிருந்து போடுங்கள். பிரிப்பு ஆள்வாரியாக இருக்கட்டும். ஒருவருக்கு எல்லாப் பொருள் பக்கமும் ஒரே வடிவில் வர வேண்டும்.

சரக்குமாஸ்டர்:
எதை அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பட்டன் கண்ணில் பட்டால் கார்ட்டில் சேர்ப்பது கூடத்தான் செய்யும், ஆர்டர் அப்படியே இருக்கலாம். வருபவருக்கு எத்தனை ஆர்டர் என்பதையே வெற்றிக்கு வையுங்கள். ரத்தானதையும் திரும்பி வந்ததையும் பிறகு கழித்துப் பாருங்கள், டெலிவரி நாளைக் காட்டியதன் பலன் அங்கேதான் தெரியும்.

கடைவிரித்தவர்:
21 நாள் முடிந்தும் 95 வராவிட்டால் நீட்டிக்கலாமா?

எண்பித்தன்:
கூடாது, அதுவும் எட்டிப் பார்ப்பதுதான். பராமரிக்க எளிதானதை வைத்துக்கொண்டு, இன்னும் பெரிய மாற்றத்தைப் புதுச் சோதனையாகத் தொடங்குங்கள்.